எந்தப் பொட்டலத்தில் பொடி

அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் சித்தி. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவை வைத்து அம்மா விளையாடிவிட்டாள் என்று அண்ணன் உங்களிடம் சொன்னானாம். அவன் கோபத்தில் சொன்னது அது. விளையாட்டைத் தொடங்கியவள் நான். விதிகளைப் போட்டவளும் நான்தான். உங்கள் அக்கா செய்தது ஒரே ஒரு காரியம். அந்த ஒரு காரியத்தைத்தான் இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறோம்.

அப்பாவின் கை நடுங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு வரக்கூடாத வியாதி. மூக்குக்கண்ணாடியின் காலை முகப்போடு சேர்க்கும் திருகாணி எள்ளைவிடச் சிறியது. அதை இடுக்கியில் பிடித்து ஓட்டைக்குள் இறக்குவதற்குள் மூன்று முறை கீழே விழும். அப்பா மேசைக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறார், விழுந்ததைத் தேடுவதற்கு. வந்தவர்கள் சங்கடப்படக்கூடாதென்று அவரே முந்திக்கொள்வார். "உங்களுக்குப் பார்வை சரியில்ல, எனக்குக் கை சரியில்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆள்" என்பார். சிரிப்பார்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள்.

அப்படி வந்த ஒருவர்தான் அந்த நாட்டு மருந்துப் பொடியைக் கொடுத்தது. பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். மூடியைத் திறந்தால் நனைந்த மரக்கட்டை வாசனை வரும் என்று அம்மா சொல்வாள். காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி. கொஞ்ச நாளிலேயே கை நடுங்காமல் நிற்கிறது என்று அப்பா சொல்லத் தொடங்கினார். எங்களுக்கும் சந்தோஷம்தான். பிறகு வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது ஈரலுக்கான எண் ஏறியிருந்தது. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பொடியைச் சொன்னதும், முதலில் அதை நிறுத்துங்கள் என்றார்.

அப்பா நிறுத்தவில்லை. இங்கிருந்து நான் போன் செய்தேன்.

"டாக்டரே சொல்லியாச்சு. அப்புறம் என்னப்பா?"

"டாக்டருக்கு என் ஈரல் முக்கியம். எனக்கு என் கை முக்கியம்."

"ஈரல் போச்சுன்னா கை மட்டும் தனியா கடைக்குப் போய் உக்காருமா?"

"வாயப் பாரு, அப்படியே உங்கம்மா. சரி, ஒண்ணு பண்ணு. நீதான் சோதனைக்கூடத்துல வேலை பாக்கறியே. அந்தப் பொடி என் கைக்கு ஒண்ணும் செய்யலேன்னு எனக்குக் காட்டு. காட்டினா அன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன். சத்தியமா."

நான் எந்தச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். பிஸ்கட் சோதனை. பழைய பிஸ்கட்டுக்கும் புதிய பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஆட்களை உட்காரவைத்துக் கேட்கும் இடம். தபால் பெட்டி போலச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கோப்பை, மேலே சிவப்பு விளக்கு. சிவப்பு வெளிச்சத்தில் பிஸ்கட்டின் நிறம் தெரியாது. நாக்கு மட்டும் பேச வேண்டும். நான் சுவருக்குப் பின்னால் நின்று ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவேன். தட்டில் பெயர் இருக்காது, ஏதோ ஒரு எண் இருக்கும்.

சேர்ந்த புதிதில் ஜன்னலுக்குக் கதவு போடாமல்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ருசி பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, "அந்தப் பொண்ணு நல்ல பிஸ்கட் குடுக்கும்போது மட்டும் லேசா சிரிக்குது" என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சல்லடை. எந்தச் சோதனையைக் கொண்டுபோனாலும் அரித்து அரித்துக் கல் எடுப்பாள். அன்று அந்த வாரத்துச் சோதனை முழுவதையும் குப்பையில் போடச் சொன்னாள்.

"நான் சிரிக்கவே இல்ல மேடம்" என்றேன்.

"நீ சிரிக்கலேன்னு உனக்குத் தெரியும். உன் மூஞ்சிக்குத் தெரியுமா? குடுக்கறவளுக்குத் தெரிஞ்சா தின்னுறவனுக்கும் தெரிஞ்ச மாதிரிதான்."

இதெல்லாம் எதற்கு என்றால், எனக்கு இது தெரியாமல் இல்லை சித்தி. தெரிந்தே கோட்டை விட்டேன்.

அப்பாவுக்கு நான் போட்ட சோதனை இது. பொட்டலத்தில் இரண்டு வகை. ஒன்றில் நிஜப் பொடி. இன்னொன்றில் வறுத்த மாவும் கசப்புக்கு வெந்தயமும். இரண்டும் ஒரே காகிதத்தில், ஒரே மடிப்பில். அண்ணன் நாணயம் சுண்டி எந்த நாளைக்கு எது என்று பிரித்து, மேலே எண் எழுதி டப்பாவில் வைத்தான். எது எது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அம்மா பொட்டலத்தை வெந்நீரில் கலந்து, நிறம் தெரியாமல் மூடி போட்ட டம்ளரில் கொடுப்பாள். பத்து மணி போல அப்பா ஒரு தாளில் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒன்றை வரைவார். கை நடுங்கினால் கோடு பல்லுப் பல்லாக வரும். அந்தப் படத்தை எனக்கு அனுப்புவார். நான் எந்தப் பொட்டலம் என்று தெரியாமலே மதிப்பெண் போடுவேன்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இன்னிக்கு எத்தனை மார்க்? பாஸா?" என்று தினம் கேட்பார். ஒரு நாள் சுருளுக்குக் கீழே ஒரு கொசுவையும் வரைந்து அனுப்பினார். கொசுவுக்குத் தனி மதிப்பெண் கிடையாது என்றேன். "நம்ம டீச்சர் கஞ்சம்" என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது.

அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. அதோடு போதும் என்று இருந்துவிட்டேன். அம்மா எங்கள் கணக்கிலேயே இல்லை. அவள் கரண்டி பிடிக்கும் கை, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். மாவை வறுத்தது யார்? அவள். வெந்தயத்தைப் பொடித்தது யார்? அவள். காகிதத்துக்கு மேலேயே வாசனை பிடிக்கக்கூடியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பிஸ்கட்டுக்கு ஜன்னலில் கதவு போடத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

சில வாரம் ஓடியது. கடைசியில் அண்ணன் எந்த எண் எது என்று சொன்னான். நான் மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தேன். பொடி நாட்களும் மாவு நாட்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. கொஞ்சம்கூட வித்தியாசமில்லை. வேலை இடத்தில் இப்படி வந்தால் சல்லடையே ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ அது என் மனசுதானா" என்றார்.

"ஆமாம்ப்பா."

"மனசு நல்லாத்தான் வேலை செஞ்சுது, பாவம். சரி, சொன்ன சொல் சொன்ன சொல்தான். நிறுத்திடறேன்."

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எண் முன்பைவிட ஏறியிருந்தது. அப்பா டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னார், மகள் ஒரு சோதனை வைத்தாள், பாதி நாள் பொடி சாப்பிட்டேன் என்று. டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதனால்தான் ஏறியிருக்கிறது, இனி முழுக்க நிறுத்துங்கள், இரண்டு மாதம் கழித்து வாருங்கள், தானாக இறங்கிவிடும் என்றாராம். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, காரணத்தை நிறுத்தியாயிற்று, இனி இறங்க வேண்டியதுதான் பாக்கி.

இரண்டு நாள் கழித்து, நான் தட்டுகளில் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பின்கதவுப் படிக்கட்டுக்குப் போனேன்.

"ஏண்டி, சாப்பிட்டியா?"

"அம்மா, என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல. அந்தப் பொட்டலம்..."

"எந்தப் பொட்டலம்?"

"உங்கப்பா அந்தப் பொடிய சாப்பிடலடி. ஒரு நாளும் சாப்பிடல."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். முதல் நாள் காலையில் பொட்டலத்தை எடுத்திருக்கிறாள். பொடி வாசனை அடித்திருக்கிறது. ஈரலுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதைக் கரைத்துத் தன் கையாலேயே எப்படிக் கொடுப்பது? அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு மாவை நிரப்பி, அதே மாதிரி மடித்துவிட்டாள். அப்புறம் ஒரு மத்தியானம் டப்பா முழுவதையும் உட்கார்ந்து மாற்றிவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் கூத்தடிக்கறதுக்கு அந்த மனுஷன் ஈரல்தான் கெடச்சுதா? நான் என்ன கல்லா? தெரிஞ்சே எப்படிக் குடுக்கறது?"

"அம்மா! சொல்லக்கூடாதா? ஒரு வார்த்தை!"

"சொன்னா சோதனை கெட்டுப்போயிடும்னு நீதான சொன்னே?"

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு வந்தது கோபம். அத்தனை நாள் போட்ட மதிப்பெண், அத்தனை சுருள், எல்லாம் மாவையும் மாவையும் ஒப்பிட்டதா? வித்தியாசம் எங்கிருந்து வரும்? வாயில் வந்ததைத் திட்டினேன். அவள் திருப்பித் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் விடு. அவரு அதச் சாப்பிடவே இல்லையே. அப்போ எதனாலடி ஏறுச்சு?"

அதற்குத்தான் அவள் கூப்பிட்டது சித்தி. இரண்டு நாளாக அந்தக் கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறாள். டாக்டர், அண்ணன், நான் எல்லோரும் பொடிதான் காரணம் என்று நிம்மதியாக இருக்கும்போது, அது காரணமாக இருக்க முடியாதென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? சல்லடை எங்களிடம் செய்வதை அம்மாவிடம் செய்தேன். அவள் சொல்வதில் எங்காவது கல் கிடைக்குமா என்று அரித்தேன். கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அரித்தேன்.

"எல்லாத்தையும் மாத்தினியா? ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கலாம் இல்ல?"

"எல்லாத்தையும்."

"அப்பா கடையில தனியா ஒரு டப்பா வச்சிருந்தாரா?"

"கடையக் கூட்டறதே நான்தான். இருந்தா எனக்குத் தெரியாதா?"

"அந்தப் பொடி குடுத்தவரு மறுபடி வந்தாரா?"

"வரல. அவருக்கும் கை நடுக்கமாம், வெளியவே வர்றதில்லையாம்."

"வேற மாத்திரை ஏதாவது? தலைவலிக்கு, மூட்டுவலிக்கு?"

"ஒண்ணும் இல்லடி. ஏன், என் மேல சந்தேகமா?"

சந்தேகம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பொய் சொல்கிறாள் என்றால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை. பெற்ற தாய் பொய் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

சல்லடையிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள், ஒப்பிட இன்னொருவர் இல்லை, ஒரு பொருளை நிறுத்தினோம், ஆனாலும் எண் ஏறியது, இதில் ஏதாவது சொல்ல முடியுமா என்று. அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒரு ஆளா? செல்லாது. அத என்கிட்ட கொண்டுவராதே" என்றாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் போனேன். கிடைத்தது. தட்டுகளுக்குத் திரும்பி வருவதற்குள் அது கரைந்துவிட்டது. அம்மாவின் சோதனை செல்லாது, சரி. ஈரலைப் பொடி கெடுக்கவில்லை என்று அது நிரூபிக்காது. நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் ஏறிக்கொண்டே போகலாமோ என்னவோ, எனக்கு அதெல்லாம் தெரியாது, நான் பிஸ்கட்காரி. ஆனால் டாக்டர் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னது, அப்பா பாதி நாள் பொடி சாப்பிட்டார் என்று நம்பித்தான். அது நடக்கவே இல்லையே. நடக்காத ஒன்றின் மேல் இரண்டு மாதத்தை உட்கார வைத்திருக்கிறோம்.

அப்பாவிடம் போனில் நானே சொன்னேன். அண்ணனும் பக்கத்தில் இருந்தான். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு கோபம்.

அப்பா முதலில் சிரித்தார். "உங்கம்மா பயத்துல ஏதாவது சொல்லுவா. பாதி நாள் கசப்பு நாக்குலயே நின்னுச்சு, எனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து அம்மா, "அன்னிக்கெல்லாம் வெந்தயம் கூடப் போயிடுச்சு" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"அப்பா, டாக்டர்கிட்ட உடனே போகணும். பொடி சாப்பிடவே இல்லைன்னு சொல்லணும். வேற என்னன்னு பாக்கச் சொல்லணும். ரெண்டு மாசமெல்லாம் வேண்டாம்."

"இரு. உங்கம்மா சொல்றது பொய்னா, டாக்டர் சொன்னபடி நான் ரெண்டு மாசம் சும்மா இருக்கணும். சரியா?"

"அம்மா பொய் சொல்லலப்பா."

"நிஜம்னா, பொடி மேல குத்தம் இல்ல. பொடி இல்லாமலேதான ஏறியிருக்கு? அப்போ நான் அதச் சாப்பிடலாம். இந்த ரெண்டுல எதுன்னு நீ சொல்லு."

"அதுதான் கைக்கு ஒண்ணும் செய்யலியே..." என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன். அதைக் காட்டிய சோதனை எங்கே இருக்கிறது? மாவையும் மாவையும் ஒப்பிட்டதை வைத்துக்கொண்டு பொடியைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்? நிஜமாகவே பொடி சாப்பிட்ட காலத்தில் அவர் வரைந்த சுருள் ஒன்றாவது இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. அப்பாவுக்கும் அது புரிந்துவிட்டது.

"பாப்பா, உன்னத் திட்டறேன்னு நெனைக்காதே. கொஞ்ச நாளா திருகாணி கையிலயே நிக்க மாட்டேங்குது. நீ சொன்னியேன்னுதான் விட்டேன்."

"குத்தம் இல்லேன்னு முடிவா சொல்ல முடியாதுப்பா. தெரியாது, அவ்வளவுதான்."

"உனக்குத் தெரியாதுன்னா எனக்கு என் கை தெரியும். நாளைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்றே, போறேன். எந்த மெஷின்ல படுக்கச் சொன்னாலும் படுக்கறேன். ஆனா நீ பொடிய வேண்டாம்னு சொல்லக்கூடாது. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்."

எனக்குத் தெரியும் சித்தி, இப்போது அவர் பொடியைத் தொட்டால் எல்லாம் மறுபடி குழம்பிவிடும். அடுத்த ரத்தத்தில் எது ஏறினாலும் பழி அதன் மேல்தான் விழும். தெரிந்தும் என்னால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றால் அவர் டாக்டரிடம் போகமாட்டார். இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கே தெரியும் அவர் பிடிவாதம்.

"சரிப்பா. சாப்பிடுங்க. ஆனா கண்டிப்பா போங்க" என்றேன். நிறுத்து நிறுத்து என்று ஆரம்பித்தவள், சாப்பிடு என்று சொல்லி முடித்தேன்.

நேற்று காலையிலிருந்து சாப்பிடுகிறாராம். அம்மாதான் கலக்கிக் கொடுக்கிறாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அப்பா அவளிடம் கோபப்படவே இல்லை, அதுதான் அவளை அறுக்கிறது.

டாக்டர் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். என்னால் வர முடியாது. இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், பாஸ்போர்ட் அந்த அலுவலகத்தில் இருக்கிறது. எப்போது தருவார்கள் என்று கேட்டால் தகவல் வரும் என்கிறார்கள். அண்ணன் கூடப் போனால் அங்கேயே அம்மாவோடு சண்டை பிடிப்பான். அம்மா தனியாகப் போனால், டாக்டர் நிமிர்ந்து பார்த்தாலே வாயடைத்துப் போவாள். அப்பா உள்ளே நுழைந்ததும் பொடியைப் பற்றித்தான் ஆரம்பிப்பார், அதில் அவருக்கு இப்போது ஒரு வெற்றி. டாக்டரும் பொடி என்ற சொல்லைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான்தான் அப்போதே சொன்னேனே என்பார். இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அதனால் நீங்கள் போக வேண்டும் சித்தி. அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும். போன முறை ரத்தம் எடுத்தபோது இவர் உடம்பில் அந்தப் பொடி இல்லை, சில வாரமாகவே இல்லை, அப்படியும் எண் ஏறியது, இப்போது புதிதாகச் சாப்பிடுவது அந்த ரத்தம் எடுத்ததற்குப் பிறகுதான் என்று. இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்பார். அம்மாவைக் காட்டுங்கள். அவர் அம்மாவை நம்புவாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானே அவளை நம்பக்கூடாது என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

வழியில் அம்மாவை எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், போதும். உள்ளே போனதும் எனக்குப் போன் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். வேலையில்தான் இருப்பேன், ஆனாலும் எடுப்பேன். நான் பேசமாட்டேன். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன்.